ஹெபடைடிஸ் பி: உடலின் காவலர்கள் செயலிழப்பது ஏன்?

தமிழ்நாட்டில் உள்ள இரத்தப் பரிசோதனை நிலையங்கள் தரும் அறிக்கைகளில் "ஆஸ்திரேலியா ஆன்டிஜென்" என்ற ஒரு வரி இடம்பெறுவதைப் பலர் பார்த்திருக்கக்கூடும். அறுவைச் சிகிச்சைக்கு முன்பாகவும், கர்ப்ப காலத்திலும், வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோருக்கான மருத்துவப் பரிசோதனையின்போதும் செய்யப்படும் இந்தச் சோதனை, கல்லீரல் அழற்சியை ஏற்படுத்தும் ஹெபடைடிஸ் பி வைரஸ் ஒருவரது உடலில் இருக்கிறதா என்பதைக் கண்டறிவதற்கானது.

இந்தப் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவ ஆராய்ச்சியாளர் பரூச் புளும்பெர்க், உலகின் பல பகுதிகளிலிருந்து திரட்டப்பட்ட இரத்த மாதிரிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வந்தார். அவற்றுள் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில் இருந்த ஒரு புரதம், பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்ட ஹீமோபீலியா நோயாளி ஒருவரின் இரத்தத்தில் இருந்த எதிர்ப்பொருளுடன் வினைபுரிந்தது. 1965ஆம் ஆண்டு இந்தக் கண்டுபிடிப்பு வெளியானபோது அந்தப் புரதத்துக்கு "ஆஸ்திரேலியா ஆன்டிஜென்" என்ற பெயர் நிலைத்தது. அது ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம் என்பது பின்னரே தெரியவந்தது. புளும்பெர்க்குக்கு 1976ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூலை 28ஆம் தேதியே இன்று உலக ஹெபடைடிஸ் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

வைரஸ் அடையாளம் காணப்பட்டு அரை நூற்றாண்டுக்கும் மேலாகிவிட்டது. தடுப்பூசி 1980களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. வைரஸின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகளும் இருக்கின்றன. ஆனால் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி நோயாளியின் உடலிலிருந்து வைரஸை முற்றாக வெளியேற்றும் சிகிச்சை இன்னும் கைகூடவில்லை. அதற்கான விடை வைரஸில் மட்டுமல்லாமல், அதை எதிர்க்க வேண்டிய மனித உடலின் உயிரணுக்களிலும் இருக்கிறது என்ற அடிப்படையில் உலகின் பல பகுதிகளில் ஆய்வுகள் நடக்கின்றன. ஆஸ்திரேலியாவின் சிட்னி, மெல்பர்ன் நகரங்கள் இத்துறையில் குறிப்பிடத்தக்க பங்களிப்பைச் செய்து வந்துள்ளன.

நோயின் பரிமாணம்

உலக சுகாதார நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் 25 கோடியே 40 லட்சம் பேர் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றுடன் வாழ்ந்து வந்தனர். அந்த ஓர் ஆண்டில் மட்டும் சுமார் 11 லட்சம் பேர் இந்நோயால் உயிரிழந்தனர். இவர்களில் பெரும்பாலானோரின் மரணத்துக்குக் கல்லீரல் சுருக்க நோயும் கல்லீரல் புற்றுநோயுமே காரணங்கள். இந்தியாவில் ஏறக்குறைய 3 கோடிப் பேரிடம் இந்தத் தொற்று இருப்பதாக அந்த அறிக்கை மதிப்பிடுகிறது.

இந்த எண்ணிக்கையை விடவும் கவலை தருவது, தொற்று உள்ளவர்களில் 13 சதவீதம் பேருக்கே அது கண்டறியப்பட்டிருக்கிறது என்பதும், சுமார் 3 சதவீதம் பேரே மருந்து பெற்றிருக்கிறார்கள் என்பதும் ஆகும்.

ஆஸ்திரேலியாவில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றுடன் வாழ்வதாக மதிப்பிடப்படுகிறது. இவர்களில் பெரும்பாலோர் வெளிநாடுகளில் பிறந்து அங்கு குடியேறியவர்கள். சீனா, வியட்நாம் போன்ற நாடுகளைச் சேர்ந்தோர் அதிகம் வாழும் சிட்னியின் தென்மேற்குப் பகுதியில் இந்த நோய் பரவலாகக் காணப்படுகிறது. ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களும் மக்கள்தொகையில் தங்களுக்குள்ள விகிதத்தைக் காட்டிலும் கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். இலவச மருத்துவ வசதி உள்ள அந்த நாட்டிலும்கூட, தொற்று உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் தமக்கு நோய் இருப்பதை அறியாமலேயே இருக்கிறார்.

உயிரணுவைக் கொல்வது யார்?

ஹெபடைடிஸ் பி தொற்றிய ஒருவரின் கல்லீரலை வைரஸ்தான் நேரடியாக அழிக்கிறது என்பது பரவலாக உள்ள எண்ணம். உண்மை நிலை வேறு.

இந்த வைரஸ் கல்லீரல் உயிரணுவுக்குள் நுழைந்து, அதன் கருவில் தனது மரபணுவை ஒரு சிறு வளையமாகப் பதுக்கி வைத்துக்கொள்கிறது. அங்கிருந்தபடி புதிய வைரஸ்களை உற்பத்தி செய்கிறது. ஆனால் தான் தங்கியிருக்கும் உயிரணுவை அது பொதுவாகக் கொல்வதில்லை. ஒருவரது இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்குப் பல கோடி வைரஸ்கள் இருக்கும் நிலையிலும் அவரது கல்லீரல் இயல்பாக இயங்கக்கூடும்.

பாதிப்பு தொடங்குவது, உடலின் நோயெதிர்ப்புப் படை வைரஸ் இருப்பதை உணர்ந்து தாக்குதலில் இறங்கும்போதுதான். வைரஸ் குடியிருக்கும் கல்லீரல் உயிரணுக்களை டி உயிரணுக்கள் எனப்படும் ஒரு வகை வெள்ளையணுக்கள் அழிக்கின்றன. அழிவு நேர்ந்த இடத்தில் தழும்புத் திசு உருவாகிறது. இருபது, முப்பது ஆண்டுகள் இது தொடர்ந்தால் கல்லீரல் சுருங்கி இறுகிவிடுகிறது.

அதே டி உயிரணுக்கள்தாம் நோயைக் குணப்படுத்தவும் செய்கின்றன. வயது வந்த ஒருவருக்கு இந்த வைரஸ் தொற்றினால், 95 சதவீதத்துக்கும் மேற்பட்ட நேரங்களில் அவரது டி உயிரணுக்கள் சில மாதங்களுக்குள் அதை அடக்கிவிடுகின்றன. அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் பிரான்சிஸ் சிசாரி குழுவினர் 1990களில் நடத்திய ஆய்வுகள், டி உயிரணுக்கள் சுரக்கும் சில வேதிப்பொருட்கள் கல்லீரல் உயிரணுக்களைக் கொல்லாமலேயே வைரஸை அடக்க வல்லவை என்பதைக் காட்டின.

பிறந்த குழந்தைக்குத் தாயிடமிருந்து தொற்று ஏற்படும்போது நிலைமை தலைகீழாக மாறுகிறது. அத்தகைய குழந்தைகளில் சுமார் 90 சதவீதத்தினருக்கு நோய் நாள்பட்டதாகிவிடுகிறது. ஒரே வைரஸ், ஒரே வகை உயிரணுக்கள். ஆனால் தொற்றும் வயதைப் பொறுத்து முடிவு அடியோடு மாறுபடுகிறது. இந்த வேறுபாட்டின் காரணத்தைத் தேடுவதே நோயெதிர்ப்பு ஆய்வுகளின் மையக் கேள்வி.

ஆஸ்திரேலியாவின் அறிவியல் மரபு

இக்கேள்வியை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கையிலெடுத்ததில் வியப்பில்லை. நோயெதிர்ப்பியலின் அடித்தளக் கற்களில் பல அங்கே நாட்டப்பட்டவை.

மெல்பர்ன் வால்டர் அண்ட் எலைசா ஹால் நிறுவனத்தின் பிராங்க் மெக்ஃபார்லேன் பர்னெட், தன்னுடையது எது, அந்நியமானது எது என்பதை உடல் வாழ்வின் தொடக்கத்திலேயே கற்றுக்கொள்கிறது என்ற கருத்தை முன்வைத்து 1960ஆம் ஆண்டு பிரிட்டனின் பீட்டர் மெடவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தைமஸ் சுரப்பியின் பணியை 1961இல் லண்டனில் கண்டறிந்த ஜாக் மில்லர், பின்னர் ஆஸ்திரேலியா திரும்பி, மெல்பர்னில் கிரஹாம் மிட்செலுடன் இணைந்து, வெள்ளையணுக்களில் டி, பி என இரு வேறு படைப்பிரிவுகள் உண்டு என்பதை 1968இல் நிறுவினார். தொற்றுக்குள்ளான உயிரணுவை டி உயிரணு எவ்வாறு அடையாளம் காண்கிறது என்பதை 1970களில் கான்பெராவில் பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் சிங்கர்நாகலும் விளக்கினர். இதற்காக 1996இல் இருவருக்கும் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. மெல்பர்னில் 2014இல் தொடங்கப்பட்ட தொற்றுநோய் ஆய்வு நிலையம் டோஹர்ட்டியின் பெயரையே தாங்கியுள்ளது.

இம்மூன்று கண்டுபிடிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால், ஹெபடைடிஸ் பி எழுப்பும் புதிர் தெளிவாகிறது. உயிரணுவுக்குள் ஒளிந்திருக்கும் வைரஸை அடையாளம் காணும் ஆற்றல் டி உயிரணுவுக்கு உண்டு. அப்படியிருந்தும் பல கோடிப் பேரின் உடலில் அது ஏன் செயல்படவில்லை?

சிட்னி: கல்லீரல் என்னும் தனி உலகம்

இதற்கான விடையின் ஒரு பகுதி கல்லீரலின் இயல்பிலேயே அடங்கியிருக்கிறது. நாம் உண்ணும் உணவிலிருந்து குடல் உறிஞ்சும் அனைத்தும் முதலில் கல்லீரலுக்கே வருகின்றன. அவற்றில் கணக்கற்ற அந்நியப் பொருட்களும் நுண்ணுயிர்களின் எச்சங்களும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் எதிராகப் போர் தொடுத்தால் கல்லீரல் ஓயாத அழற்சியில் அழிந்துவிடும். ஆகவே சகித்துக்கொள்வது அதன் இயல்பாகிவிட்டது. 1969இல் பிரிட்டிஷ் அறுவைச் சிகிச்சை நிபுணர் ராய் கால்ன், பன்றிகளில் மாற்றிப் பொருத்தப்பட்ட கல்லீரலை, எதிர்ப்பை அடக்கும் மருந்து இல்லாமலேயே அவற்றின் உடல் ஏற்றுக்கொள்வதைக் காட்டினார்.

சிட்னியில் ராயல் பிரின்ஸ் ஆல்பர்ட் மருத்துவமனையை ஒட்டி அமைந்துள்ள சென்டனரி நிறுவனத்தில் பாட்ரிக் பெர்டோலினோ, டேவிட் போவன், ஜெஃப் மெக்காஹன் ஆகியோரின் குழு இந்தச் சகிப்புத்தன்மையின் செயல்முறையை நுணுகி ஆராய்ந்தது. டி உயிரணு முதன்முதலில் எந்த இடத்தில் எதிரியைச் சந்திக்கிறது என்பதைப் பொறுத்து அதன் தலைவிதி மாறுகிறது என்பதை எலிகளில் செய்த ஆய்வின் மூலம் 2004இல் அவர்கள் தெரிவித்தனர். நிணநீர்க் கணுவில் சந்தித்தால் அது முழுமையான போர்வீரனாகிறது. கல்லீரலிலேயே சந்தித்தால் அரைகுறையாகத் தூண்டப்பட்டு விரைவில் மடிந்துபோகிறது.

2011இல் இதே குழு மேலும் வியப்பான ஒன்றை வெளியிட்டது. கல்லீரலில் தூண்டப்பட்ட டி உயிரணுக்களில் ஒரு பகுதி, கல்லீரல் உயிரணுக்களுக்குள்ளேயே புகுந்து, அங்கே செரிக்கப்பட்டுவிடுகின்றன என்பதே அது. தாக்க வந்த படையைக் கோட்டையே விழுங்கிவிடுவதற்கு இது ஒப்பானது எனலாம். ஹெபடைடிஸ் பி போன்ற வைரஸ்கள் ஏன் கல்லீரலைத் தேர்ந்தெடுத்து அங்கே நிலைத்துவிடுகின்றன என்பதைப் புரிந்துகொள்ள இத்தகைய ஆய்வுகள் உதவுகின்றன.

மெல்பர்ன்: அமுக்கப்பட்ட எச்சரிக்கை மணி

எலிகளில் காண்பது மனிதர்களுக்கும் பொருந்துமா என்பதை நோயாளிகளின் இரத்தமும் திசுவுமே சொல்ல முடியும். இந்த வகையில் மெல்பர்னின் குமார் விஸ்வநாதன், ஸ்டீபன் லோகார்னினி உள்ளிட்டோரும், சிட்னியைச் சேர்ந்த ஸ்டீபன் ரியார்டன் போன்றோரும் இணைந்து நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வு கவனத்துக்குரியது.

டி உயிரணுக்கள் களமிறங்குவதற்கு முன்பாகவே, கிருமி நுழைந்துவிட்டது என்று அறிவிக்கும் உணரிகள் உடலின் பல உயிரணுக்களில் அமைந்துள்ளன. அவற்றுள் ஒன்று டோல்-லைக் ரிசெப்டார் 2 எனப்படுவது. இதை ஒரு எச்சரிக்கை மணியாகக் கருதலாம். நாள்பட்ட ஹெபடைடிஸ் பி நோயாளிகளில், வைரஸின் 'இ' ஆன்டிஜென் என்ற புரதம் இரத்தத்தில் உள்ளவர்களிடம் இந்த உணரி கல்லீரல் உயிரணுக்களிலும், கல்லீரலின் காவல் உயிரணுக்களிலும், இரத்தத்தில் சுற்றிவரும் மோனோசைட்டுகளிலும் குறைந்திருப்பதை இந்தக் குழு கண்டறிந்தது. 'இ' ஆன்டிஜென் இல்லாத நோயாளிகளிடம் அவ்வாறான குறைவு காணப்படவில்லை.

வைரஸ் பெருகுவதற்கு 'இ' ஆன்டிஜென் இன்றியமையாதது அல்ல. அவ்வாறிருந்தும் வைரஸ் அதை ஏராளமாகச் சுரந்து இரத்தத்தில் கலக்கச் செய்வது ஏன் என்பது நீண்ட காலக் கேள்வி. வீட்டுக்குள் புகுமுன் எச்சரிக்கை மணியின் கம்பியை அறுத்துவிடும் திருடனைப் போல, உடலின் முதல் அறிவிப்பைச் செயலிழக்கச் செய்வது அதன் பணிகளில் ஒன்றாக இருக்கலாம் என்ற கருத்துக்கு இந்த ஆய்வு வலுச் சேர்த்தது.

களைத்துப்போன உயிரணுக்கள்

மூன்றாவது காரணம் டி உயிரணுக்களின் களைப்பு. பல ஆண்டுகள் இடைவிடாமல் வைரஸின் புரதங்களை எதிர்கொள்ளும் டி உயிரணுக்கள் படிப்படியாக வலுவிழக்கின்றன. அவற்றின் மேற்பரப்பில் பிடி-1 போன்ற தடைப் புரதங்கள் அதிகமாகத் தோன்றுகின்றன. வாகனத்தின் பிரேக்கை நிரந்தரமாக அழுத்திப் பிடித்திருப்பது போன்ற நிலை இது. உயிரணு இறந்துவிடுவதில்லை. ஆனால் பெருகுவதில்லை, தாக்குவதுமில்லை.

இதை ஆய்வாளர்கள் எவ்வாறு அளவிடுகிறார்கள்? நோயாளியிடமிருந்து பெறப்படும் இரத்தத்திலிருந்து வெள்ளையணுக்கள் தனியே பிரிக்கப்படுகின்றன. வைரஸின் புரதத் துண்டுகளை அவற்றுடன் சேர்த்து, எவை விழித்தெழுந்து வேதிப்பொருட்களைச் சுரக்கின்றன என்று பார்க்கப்படுகிறது. ஒளிரும் சாயம் பூசப்பட்ட உயிரணுக்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளிக்கற்றையின் குறுக்கே செலுத்தி எண்ணும் கருவியும் பயன்படுத்தப்படுகிறது. நாள்பட்ட நோயாளிகளின் இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வைரஸைக் குறிவைக்கும் டி உயிரணுக்கள் மிக மிக அரிதானவை என்பதால் இது வைக்கோற்போரில் ஊசி தேடும் வேலையாகவே இருக்கிறது.

இரத்தத்தில் காண்பது மட்டும் போதாது என்ற சிக்கலும் உண்டு. இரத்தத்துக்குத் திரும்பாமல் கல்லீரலிலேயே நிலையாகத் தங்கிவிடும் டி உயிரணுக்கள் இருப்பதை லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2017இல் விவரித்தனர். ஆகவே மெல்லிய ஊசி மூலம் கல்லீரலிலிருந்தே சிறிதளவு உயிரணுக்களை எடுத்து ஆராயும் முறை இப்போது பல நாடுகளில் கையாளப்படுகிறது.

நோயாளிகளின் ஒத்துழைப்பு இல்லாமல் இவற்றில் எதுவும் சாத்தியமில்லை. தமக்கு உடனடிப் பலன் ஏதும் இல்லை என்று தெரிந்தும் ஆண்டுக்கணக்கில் இரத்தம் தருபவர்களே இந்த அறிவியலைத் தாங்கி நிற்கிறார்கள்.

அமைதி என்பது பாதுகாப்பா?

இளம் வயதில் வைரஸ் ஏராளமாக இருந்தும் கல்லீரல் பரிசோதனை முடிவுகள் இயல்பாக இருக்கும் கட்டத்தை மருத்துவர்கள் நெடுங்காலமாகச் "சகிப்புக் கட்டம்" என்று அழைத்து வந்தனர். உடல் வைரஸுடன் சமாதானமாக இருக்கிறது, சிகிச்சை தேவையில்லை என்பதே அதன் உட்பொருள்.

கடந்த சில ஆண்டுகளில் இந்தக் கருத்து கேள்விக்குள்ளாகியிருக்கிறது. இளம் நோயாளிகளின் டி உயிரணுக்கள் முற்றிலும் செயலற்றவையாக இல்லை என்று 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வைரஸின் மரபணுத் துண்டுகள் கல்லீரல் உயிரணுக்களின் மரபணுவோடு இணைந்துவிடுவது இந்த அமைதியான கட்டத்திலேயே தொடங்கிவிடுகிறது என்று 2016இல் வெளியான மற்றோர் ஆய்வு தெரிவித்தது. கல்லீரல் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடிய மாற்றங்களில் இதுவும் ஒன்று.

உலக சுகாதார நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட புதிய வழிகாட்டுதல்கள் முன்பைவிடக் கூடுதலானோருக்குச் சிகிச்சை அளிக்கப் பரிந்துரைப்பதன் பின்னணியில், சிகிச்சைக்காக அதிக காலம் காத்திருப்பதன் ஆபத்து குறித்த இந்தப் புரிதலும் இருக்கிறது.

விழிக்கச் செய்வதில் உள்ள ஆபத்து

செயலிழந்த டி உயிரணுக்களை மீண்டும் எழுப்பிவிட்டால் நோயைக் குணப்படுத்திவிடலாம் அல்லவா என்ற கேள்வி எழுவது இயல்பு. அது கொள்கையளவில் சாத்தியம் என்பதற்குச் சான்றுகள் உண்டு. ஹெபடைடிஸ் பி-யிலிருந்து இயற்கையாகக் குணமடைந்த ஒருவரின் எலும்பு மஜ்ஜையைப் பெற்ற நோயாளிகள் சிலர் அந்த வைரஸிலிருந்தும் விடுபட்டதை ஹாங்காங் மருத்துவர்கள் 2002இல் பதிவு செய்துள்ளனர்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. புற்றுநோய், மூட்டுவாதம் முதலியவற்றுக்காக நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளை உட்கொள்ளும்போது, பல ஆண்டுகளுக்கு முன்பே அடங்கிவிட்ட வைரஸ் மீண்டும் தலைதூக்கி உயிராபத்தை விளைவிக்கலாம். குணமடைந்தவர் என்று கருதப்படுபவரின் கல்லீரலிலும் வைரஸின் மரபணு வளையம் எஞ்சியிருக்கிறது; உயிரணுக்களின் காவலே அதை அடக்கி வைத்திருக்கிறது என்பதையே இது காட்டுகிறது. இத்தகைய சிகிச்சைகளுக்கு முன்பு ஹெபடைடிஸ் பி பரிசோதனை வலியுறுத்தப்படுவது இதனால்தான்.

எழுப்பும் முயற்சிகள் இதுவரை கலவையான பலனையே தந்துள்ளன. மெல்பர்ன் வால்டர் அண்ட் எலைசா ஹால் நிறுவனத்தின் மார்க் பெல்லக்ரினி குழுவினர், தொற்றுக்குள்ளான கல்லீரல் உயிரணு தன்னைக் காத்துக்கொள்ளப் பயன்படுத்தும் புரதங்களை முடக்கும் பிரினபான்ட் என்ற மருந்து எலிகளில் வைரஸை அகற்றியதாக 2015இல் அறிவித்தபோது பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது. ஆனால் அந்த மருந்து ஹெபடைடிஸ் பி சிகிச்சையாக அங்கீகாரம் பெறும் நிலையை எட்டவில்லை.

டி உயிரணுவின் பிரேக்கை விடுவிக்கும் நிவோலுமாப் என்ற புற்றுநோய் மருந்தை நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இருபதுக்கும் சற்று அதிகமான நோயாளிகளுக்குக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்தனர். 2019இல் வெளியான அதன் முடிவுகளின்படி, ஒரே ஒருவரின் இரத்தத்திலிருந்துதான் ஆஸ்திரேலியா ஆன்டிஜென் முற்றாக மறைந்தது. வைரஸின் மரபணுச் செய்தியை முடக்கும் பெபிரோவிர்சன் என்ற மருந்தின் சோதனையில் பத்தில் ஒருவர் என்ற அளவில் பலன் கிடைத்ததாக 2022இல் அறிவிக்கப்பட்டது. தற்போதுள்ள மாத்திரைகளை மட்டும் உட்கொள்வோரில் ஆண்டுக்கு நூறில் ஒருவருக்கே இத்தகைய விடுதலை கிடைக்கிறது என்பதோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றமே.

நீண்டகாலம் மாத்திரை உட்கொண்டவர்களில் தேர்ந்தெடுத்த சிலரிடம் அதை நிறுத்திப் பார்க்கும் சோதனையும் மெல்பர்ன் மருத்துவமனைகளில் நூறுக்கும் சற்று அதிகமான நோயாளிகளிடம் நடத்தப்பட்டது. வைரஸ் திரும்பும்போது உடலின் எதிர்ப்பும் விழித்துக்கொள்ளும் என்பதே எதிர்பார்ப்பு. சிறு பகுதியினருக்கே அது பலனளித்தது. பலருக்கு வைரஸ் திரும்பியதோடு சிலருக்குக் கல்லீரல் அழற்சியும் கடுமையானது. நெருக்கமான கண்காணிப்பின் கீழ் நடந்த ஆய்வு இது. மருத்துவரின் ஆலோசனையின்றித் தாமாகவே மாத்திரையை நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

கீழாநெல்லி எழுப்பிய கேள்வி

தமிழர்களிடையே மஞ்சள் காமாலை என்றவுடன் நினைவுக்கு வருவது கீழாநெல்லி. இந்த மூலிகைக்கும் ஹெபடைடிஸ் பி ஆய்வு வரலாற்றில் ஓர் இடம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜன் தலைமையிலான குழு 1988இல் புகழ்பெற்ற 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரையில், கீழாநெல்லி கொடுக்கப்பட்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து ஆன்டிஜென் மறைந்ததாகவும், வெற்று மருந்து கொடுக்கப்பட்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நேர்ந்ததாகவும் தெரிவித்தது. அக்கட்டுரையின் ஆசிரியர்களில் புளும்பெர்க்கும் ஒருவர்.

ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் பின்னர் நடத்தப்பட்ட சோதனைகளில் அத்தகைய பலன் காணப்படவில்லை. கீழாநெல்லி வகை மூலிகைகள் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-யைக் குணப்படுத்தும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதே பின்னர் வந்த தொகுப்பாய்வுகளின் முடிவு.

இருந்தும் கீழாநெல்லியால் குணமடைந்ததாகக் கூறுவோர் ஊர்தோறும் இருக்கிறார்கள். அவர்களின் அனுபவம் பொய்யானதல்ல. வயது வந்த பின் தொற்றுக்கு ஆளாகும் நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேருக்கும் மேல், எந்த மருந்தை உட்கொண்டாலும் உட்கொள்ளாவிட்டாலும், அவர்களது டி உயிரணுக்களாலேயே குணமடைந்துவிடுகிறார்கள். உயிரணுக்கள் ஆற்றிய பணிக்கான பெயர் மூலிகைக்குப் போய்விடுகிறது. அந்த நம்பிக்கையில், பிறவியிலேயே தொற்றுக்குள்ளான ஒருவர் ஆண்டுக்கணக்கில் மூலிகையை மட்டும் நம்பியிருந்தால், அவரது கல்லீரல் சத்தமின்றிச் சிதைந்துகொண்டிருக்கக்கூடும்.

தமிழர்களுக்கு இதில் என்ன?

வளைகுடா நாடுகள் ஹெபடைடிஸ் பி தொற்றுள்ள வெளிநாட்டுத் தொழிலாளர்களைத் தகுதியற்றவர்களாகக் கருதுகின்றன. எனவே தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பல இளைஞர்கள் தமக்கு இந்தத் தொற்று இருப்பதை முதன்முதலாக அறிவது, வேலை வாய்ப்பு பறிபோகும் அதே நாளில்தான். சிகிச்சைக்கான தொடக்கமாக இருக்க வேண்டிய ஒரு தகவல், மறைக்கப்பட வேண்டிய அவமானமாக மாறிவிடுகிறது. திருமணப் பேச்சுகளில் இந்தச் செய்தி வெளியே வராமல் பார்த்துக்கொள்ளப்படுகிறது. உணவைப் பகிர்வதாலோ, கட்டியணைப்பதாலோ இந்த வைரஸ் பரவுவதில்லை என்பதும், பிரசவம், இரத்தம், பாதுகாப்பற்ற உடலுறவு, தூய்மையற்ற ஊசி, சவரக்கத்தி ஆகியவற்றின் வழியாகவே பரவுகிறது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

ஆஸ்திரேலியாவில் நிலைமை வேறு விதமானது. மருத்துவத் துறையில் பணிபுரிய வருவோர் போன்ற சில பிரிவினரைத் தவிர, பெரும்பாலான குடியேறிகளுக்கு விசா பெறுவதற்கு ஹெபடைடிஸ் பி பரிசோதனை கட்டாயமில்லை. இதனால் பாகுபாடு குறைகிறது என்றாலும், பரிசோதிக்கப்படாமலேயே பலர் வாழ்ந்து முதுமையை அடைகிறார்கள். சிட்னியில் தமிழர்கள் செறிந்து வாழும் வென்ட்வொர்த்விலுக்கு அடுத்த ரயில் நிலையமான வெஸ்ட்மீட்டில் கல்லீரல் நோய்களுக்கான முன்னணி ஆய்வு மையம் இருக்கிறது. இருந்தும் ஹெபடைடிஸ் பி என்ற சொல்லைப் பொதுவில் உச்சரிக்கத் தயங்கும் குடும்பங்களுக்கு அந்தக் குறுகிய தூரமும் நெடும்பயணமே.

தடுப்பூசி அடுத்த தலைமுறையின் நிலையை மாற்றி வருகிறது. ஆஸ்திரேலியாவில் பிறக்கும் அனைத்துக் குழந்தைகளுக்கும் 2000ஆம் ஆண்டு முதலும், இலங்கையில் 2003ஆம் ஆண்டு முதலும், இந்தியா முழுவதும் 2011ஆம் ஆண்டு முதலும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி தேசியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடப்படும் முதல் தவணை, குழந்தையின் டி உயிரணுக்களும் பி உயிரணுக்களும் வைரஸை முந்திக்கொள்ள வாய்ப்பளிக்கிறது. ஆனால் அந்த ஆண்டுகளுக்கு முன் பிறந்தவர்களுக்கு, அதாவது இன்று குடும்பத்தைத் தாங்கி நிற்கும் வயதில் உள்ள பெரும்பாலோருக்கு, ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே வழி. தொற்று இருப்பது தெரிந்தால், நலமாக உணர்ந்தாலும், ஆறு மாதங்களுக்கு ஒரு முறையாவது கண்காணிப்பு தேவை.

ஆஸ்திரேலியாவின் வட பிராந்தியப் பழங்குடி மக்களிடையே ஹெபடைடிஸ் பி வைரஸின் தனித்துவமான ஒரு மரபுப் பிரிவு காணப்படுகிறது. அங்கே மருத்துவர்கள், நோயாளிகள் ஆங்கிலத்தில் தரப்பட்ட விளக்கத்தைப் புரிந்துகொள்ளவில்லை என்பதை உணர்ந்து, யோல்ங்கு மாத்தா மொழியில் ஒரு கைபேசிச் செயலியை 2014இல் உருவாக்கினர். பின்னர் அது வேறு பல பழங்குடி மொழிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. வைரஸ் எங்கே தங்குகிறது, உடலின் காவல் உயிரணுக்கள் என்ன செய்கின்றன, அமைதியாக இருக்கும்போதும் ஏன் பரிசோதனை தேவை என்பவற்றை மக்கள் தங்கள் சொற்களிலேயே அதில் அறிந்துகொள்கிறார்கள்.

1960களில் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்த அந்த இரத்த மாதிரிக்குரிய பழங்குடி மனிதரின் பெயரைப் பாடநூல்கள் குறிப்பிடுவதில்லை. அவரது இரத்தம் உலகுக்கு ஒரு தடுப்பூசியைத் தந்தது. அவருடைய மக்களுக்கு அந்த நோயைப் பற்றித் தாய்மொழியில் விளக்கம் கிடைக்க அதன்பின் சுமார் அரை நூற்றாண்டு ஆயிற்று. முழுமையான சிகிச்சை என்று வரும் என்பதை ஆய்வகங்கள் தீர்மானிக்கும். அதுவரை கல்லீரலைக் காப்பாற்றக்கூடிய பரிசோதனையும் மருந்தும் இன்று கைவசம் இருக்கின்றன. அவற்றை நாடிச் செல்வதற்குத் தடையாக இருப்பது பெரும்பாலும் அறியாமையும் வெட்கமுமே. இவ்விரண்டையும் நீக்க ஆய்வகம் தேவையில்லை.